கணக்குக் கேட்பது பகையன்று

(சவளக்கடையில் காணிச் சொந்தக்காரரும் கமக்காரரும் ஒருங்கு கூடிய கூட்டத்தில் நாம் ஆற்றிய உரை)





கல்முனையிலிருந்து இவ்வூருக்கு வருவோர் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து வருகின்றனர். மாரி வெள்ளம் அதன் மேலாகப் பாயும் நாட்களில் போக்குவரத்து அறுந்துபோவதை நீங்கள் நன்கு அறிவீர்கள். வயல் இக்கரையில் இருக்கின்றது; வயலின் உறுதியைப் பெட்டகத்தில் வைத்திருப்பவரோ பெரும்பாலும் அக்கரையில் இருக்கின்றார். கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வாழ்வோரை விடுங்கள். கொழும்பில் உத்தியோகம் பார்ப்போர், கத்தாரிலும் சவூதியிலும் உழைப்போர், லண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறியோர் எனக் காணிக்காரர் இன்று உலகெங்கும் பரந்துவிட்டனர். காணி மாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அதனைப் பார்க்க ஒருவர் வேண்டும். கமக்காரனைத் தேட ஒருவர் வேண்டும். குத்தகையை வாங்கி அனுப்ப ஒருவர் வேண்டும். அந்த ஒருவரே தரகர். சிலர் அவரை முகவர் என்பர். சிலர் 'எங்கள் காணியைப் பார்க்கின்றவர்' என்று மரியாதையாகக் கூறுவர்.

வயலையோ வீட்டையோ கடையையோ தரகர் மூலம் விடுகின்றவர்கள், தாம் அறியாமலே செலுத்தும் மறைவான அறவீடுகளிலிருந்து எவ்வாறு தப்பலாம் என்பதே இன்று எம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி. சட்டம் படித்தவர்கள் என்ற முறையிலும், ஊர்ப் பொதுப்பணியில் ஈடுபட்டவர்கள் என்ற முறையிலும் இதற்கு விடை கூற முனைகின்றோம்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். தரகர் அனைவரும் வஞ்சகர் அல்லர். தூரத்திலிருக்கும் சொந்தக்காரனின் காணியைத் தன் காணிபோற் காத்து, ஒரு மரைக்கால் நெல்லுக்கும் கணக்கு வைத்திருக்கும் நல்லோர் இப்பகுதியில் உளர். அவர்களது உழைப்பிற்குக் கூலி உரியது. அதை மனமுவந்து கொடுக்கவேண்டும். எமது வழக்கு கூலியின்மீது அன்று. ஒளித்து எடுக்கும் கூலியின்மீதே.

ஓர் அம்மையாரும் ஒரு கமக்காரரும்

எமது அலுவலகத்திற்கு ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை வந்தார். பெயரையும் ஊரையும் கூறமாட்டோம். தாய்வழிச் சீதனமாக வந்த ஐந்து ஏக்கர் வயல் அவருக்கு இருந்தது. பல ஆண்டுகள் வெளியூரில் கடமையாற்றியமையால் வயலை ஒரு தரகரிடம் ஒப்படைத்திருந்தார். அவர் எம்மிடம் வந்த நோக்கம், வயல் செய்த கமக்காரரை எழுப்பிவிடுவது. "எட்டு மூடை வீதம் தருவதாகப் பேசிவிட்டு, போகத்திற்குப் போகம் குறைத்தே அளக்கின்றான்" என்பது அவரது குற்றச்சாட்டு.

ஏதும் எழுத்துண்டோ என்று கேட்டோம். இல்லை. பற்றுச்சீட்டு உண்டோ என்று கேட்டோம். அதுவும் இல்லை. ஆறு ஆண்டுகள், பன்னிரண்டு போகங்கள், ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வழக்கு எழுதுவதற்கு முன் கமக்காரரை ஒருமுறை அழைத்துப் பேசுவோம் என்று அம்மையாரை இணங்கச் செய்தோம். மறுவாரம் இருவரும் எமது மேசைக்கு முன் அடுத்தடுத்து அமர்ந்தனர். ஆறு ஆண்டுகளில் அவர்கள் நேருக்கு நேர் பேசியது அதுவே முதற்றடவை.

கமக்காரர் சொன்னார்: "நான் குறைத்து அளக்கவில்லை, டீச்சர். நீங்கள் ஏக்கருக்குப் பத்து மூடை கேட்டதாகச் சொன்னார்கள். பத்தும் கொடுத்தேன்."

அம்மையார் சொன்னார்: "நான் கேட்டது எட்டுத்தானே, தம்பி."

பின்னர் நாம் கணக்கைத் தாளில் இட்டோம். கமக்காரர் ஒரு போகத்திற்கு அளந்தது 50 மூடை. அம்மையாருக்கு வந்ததாகச் சொல்லப்பட்டது 40 மூடை. அந்த நாற்பதிலும் தரகுக்கென்று 2 மூடை கழிந்தது. அது அம்மையார் ஒப்புக்கொண்ட தரகு. அதற்குமேல் வாய்க்கால் துப்புரவுக்கு 1, காவற்கூலிக்கு 2, ஏற்றுக்கூலிக்கு 2, கந்தோர்ச் செலவுக்கு 1 என 6 மூடை கழிந்தது. அம்மையார் கைக்கு விலையாகி வந்தது 32 மூடை. வாய்க்கால் துப்புரவையும் காவற்கூலியையும் ஏற்றுக்கூலியையும் கமக்காரர் தம் கையாலேயே கொடுத்திருந்தார் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. 50 மூடை வயலைவிட்டுப் புறப்பட்டது. 32 மூடை வீட்டை அடைந்தது. நடுவில் நின்ற 18 மூடையில் ஒப்புக்கொண்ட தரகு இரண்டே. மீதிப் பதினாறும் மறைவில் போயிற்று. ஒரு போகத்தில் பதினாறு!

சகோதரர்களே, இதில் நெல்லைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. ஆறு ஆண்டுகளாக அந்த அம்மையார் கமக்காரரைக் கள்வர் என்று எண்ணியிருந்தார். அக்கமக்காரரோ அம்மையாரைப் பேராசைக்காரி என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார். ஒருவர் தமிழர், மற்றவர் முஸ்லிம். யார் எவர் என்பது இங்கு வேண்டியதில்லை. அந்த வழக்கு நீதிமன்றம் சென்றிருந்தால், ஒரு மனிதனின் களவு இரண்டு சமூகங்களின் சண்டையாக ஊரெங்கும் பேசப்பட்டிருக்கும். இக்கரையோரத்தில் இத்தகைய கதைகள் எவ்வாறு வளர்கின்றன என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தரகருக்குக் கடிதம் சென்றது; பேச்சு நடந்தது; ஒரு பகுதி திரும்பி வந்தது. முழுவதும் வரவில்லை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச்சட்டத்தின்படி எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின்மேல் வழக்கிட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. வாய்மொழி ஒப்பந்தமாயின் மூன்று ஆண்டே. அம்மையாரின் ஒப்பந்தம் வாய்மொழி. ஆகவே முதல் மூன்று ஆண்டுகளின் கணக்கில் காலாவதித் தடை குறுக்கிட்டது. ஒரு தாளில் நான்கு வரி எழுதாமையின் விலை அது.

முன்னாளில் நெல் அளந்த விதம்

நடுவில் ஒருவர் நிற்பது எமது நாட்டிற்குப் புதிதன்று. மட்டக்களப்புத் தென்பகுதி என்று முன்பு வழங்கி, 1961 இல் அம்பாறை மாவட்டமாகப் பிரிந்த இந்நிலத்தில், போடியார் வயலுக்கு உடையவராக இருந்தார். வயற்காரர் வேலை செய்தனர். இருவருக்கும் நடுவே முல்லைக்காரன் நின்று வயலை நடத்தினான். அக்காலம் பொற்காலம் என்று நாம் புகழமாட்டோம். வயற்காரனின் வியர்வைக்கு உரிய பங்கு கிடைக்காமையாலன்றோ, பிலிப் குணவர்தன அவர்கள் விவசாய அமைச்சராயிருந்தபோது 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்து, உடையவன் பெறும் பங்கிற்கு உச்சவரம்பு வகுக்க நேர்ந்தது?

எனினும் அக்காலத்தில் ஒரு நல்வழக்கம் இருந்தது. நெல் களவெட்டியில் எல்லார் கண்முன்னும் அளக்கப்பட்டது. போடியார் நின்றார், முல்லைக்காரன் நின்றான், வயற்காரரும் நின்றனர். மரைக்கால் விழும் எண்ணிக்கையை ஒருவன் உரக்கச் சொன்னான்; மற்றவர் கேட்டனர். பங்கு அநீதியாக இருந்திருக்கலாம். ஆனால் அநீதி எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்று அறுவடை இயந்திரம் ஒரு பகலில் வயலை முடித்துவிடுகின்றது. வியாபாரியின் வண்டி வரம்பிலேயே நெல்லை ஏற்றிக்கொள்கின்றது. காசு கைபேசியில் மாறுகின்றது. களவெட்டி போயிற்று. களவெட்டியோடு கண்முன் அளக்கும் வழக்கமும் போயிற்று. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்ற முதுமொழி மாத்திரம் எஞ்சியிருக்கின்றது.

சட்டம் யார் பக்கம்?

"எழுத்து இல்லாவிட்டால் தரகரைச் சட்டம் ஒன்றும் செய்யாது" என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. குடியியற் சட்டக் கட்டளைச்சட்டம், உடையவனுக்கும் முகவனுக்கும் இடையிலான விடயங்களில் இங்கிலாந்தின் சட்டமே இலங்கையிலும் செல்லும் என்று வகுத்தது. ஆதலால் அந்நாட்டு நீதிமன்றங்கள் வகுத்த நெறிகள் சவளக்கடை வயலுக்கும் பொருந்துவன. அவற்றுள் இரண்டு தீர்ப்புக்களை நீங்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

முதலாவது, 1903 ஆம் ஆண்டின் அன்ட்ரூஸ் எதிர் ராம்சே என்னும் வழக்கு. அன்ட்ரூஸ் என்பவர் தம் சொத்தை விற்றுத்தருமாறு ஒரு தரகு நிலையத்திடம் ஒப்படைத்தார். தரகு 50 பவுண். அந்நிலையம் வாங்குபவரிடமிருந்தும் இரகசியமாக 20 பவுண் பெற்றுக்கொண்டது. உண்மை வெளியானபின் அந்த 20 பவுண் உடையவரிடம் வந்து சேர்ந்தது. அவர் அதனோடு நிற்கவில்லை. தாம் கொடுத்த 50 பவுண் தரகையும் திருப்பிக் கேட்டார். நீதிமன்றம் அதையும் கொடுக்கும்படி பணித்தது. நேர்மையாகப் பணிபுரிந்த முகவனுக்கே தரகு உரியது; மறுபக்கத்தில் மறைவாகக் கைநீட்டியவன் இருபக்கக் கூலியையும் இழப்பான் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது, 1905 ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வெளியான ஹிப்பிஸ்லி எதிர் நீ சகோதரர் என்னும் வழக்கு. அங்கே ஏலகாரர்கள் அச்சுக்கூலி, பத்திரிகை விளம்பரக்கூலி ஆகியவற்றை முழுவிலையில் உடையவரின் கணக்கில் எழுதினர். உண்மையில் அச்சகமும் பத்திரிகையும் அவர்களுக்கு விலைக்கழிவு கொடுத்திருந்தன. அக்கழிவு உடையவருக்கே உரியது என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் அவர்கள் வழமை என்று நம்பியே அவ்வாறு செய்தனர், வஞ்சக எண்ணம் இருக்கவில்லை என்று கண்டு, தரகை அவர்களிடமே விட்டது. நன்னம்பிக்கையில் நேர்ந்த தவறையும் வஞ்சகத்தையும் சட்டம் பிரித்துப் பார்க்கின்றது. நாமும் அவ்வாறே பிரித்துப் பார்க்கவேண்டும்.

இவ்விரண்டையும் சேர்த்தால் ஒரு நெறி கிடைக்கின்றது. உங்கள் பொருட்டு உழைக்கின்றவன், உங்கள் காணியால் பெற்ற ஒவ்வொரு சதத்திற்கும் உங்களிடம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். மேலாக வாங்கியது, கழிவாகப் பெற்றது, பரிசாகக் கொண்டது எதுவாயினும், நீங்கள் அறிந்து சம்மதித்தாலன்றி அது அவனுடையதன்று. ஒப்படைத்த பொருளை வஞ்சகமாகத் தன்னதாக்கிக் கொள்பவன் தண்டனைச் சட்டக்கோவையின்கீழ் நம்பிக்கை மோசடிக் குற்றத்திற்கும் ஆளாகலாம்.

லண்டனில் நடந்தது

எமது மக்களில் ஒரு சாரார் வெளிநாட்டில் வீடு வாங்கி வாடகைக்கு விடுகின்றனர். அங்கே எல்லாம் அச்சடித்த தாளில் இருப்பதால் மறைவு இராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. லண்டனில் பொக்ஸ்டன்ஸ் என்னும் பெரிய வீட்டுத் தரகு நிறுவனத்திற்கு எதிராக, அந்நாளில் அங்கிருந்த நியாய வர்த்தக அலுவலகம் வழக்கிட்டது. வாடகைக்காரர் முதல் ஒப்பந்தம் முடிந்தபின்னும் அதே வீட்டில் தொடர்ந்திருந்தால், நிறுவனம் புதிதாக ஒன்றும் செய்யாதபோதும் வீட்டுக்காரர் மீண்டும் தரகு கொடுக்கவேண்டும் என்று அதன் ஒப்பந்தத்தில் இருந்தது. வாடகைக்காரரே வீட்டை வாங்கிவிட்டால் விற்பனைத் தரகும் கொடுக்கவேண்டும். இவையெல்லாம் ஒளிவாக இருக்கவில்லை, எழுத்திலேயே இருந்தன. ஆனால் சிறிய எழுத்தில், எவரும் வாசிக்காத நீண்ட வாசகங்களுக்கு நடுவே இருந்தன. 2009 யூலையில் உயர்நீதிமன்றம் அத்தகைய வாசகங்கள் சாதாரண வீட்டுக்காரர் விடயத்தில் நியாயமற்றவை என்று தீர்த்தது. இத்தகைய பாரமான அறவீட்டை முன்னாலே, வெளிப்படையாக, கண்ணிற்படும்படி சொல்லவேண்டும் என்பதே காரணம்.

ஆகவே மறைவு இரு வகைத்து. இங்கே எழுத்து இல்லாமையால் மறைகின்றது. அங்கே எழுத்து மிகுந்தமையால் மறைகின்றது. இரண்டிற்கும் மருந்து ஒன்றே: தெளிவான சிறு எழுத்தும், இரு தரப்பாரும் அதை அறிந்திருத்தலும்.

செய்யவேண்டுவன

இனி நடைமுறைக்கு வருவோம். பேனா வைத்திருப்போர் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவதாக, தரகரை அமர்த்தும் நாளிலேயே ஒரு தாள் எழுதுங்கள். காணியின் பெயர், பரப்பு, குத்தகை வீதம், தரகு எவ்வளவு, எப்போது கொடுபடும் என்பன அதில் இருக்கட்டும். அதன்கீழ் ஒரு வாசகம் கட்டாயம் வேண்டும்: "இத்தரகு தவிர, காணிக்காரரிடமோ கமக்காரரிடமோ வாடகைக்காரரிடமோ வியாபாரியிடமோ எவ்விதக் கொடுப்பனவும் பெறமாட்டேன், பெற்றால் காணிக்காரருக்கு எழுத்தில் அறிவித்து ஒப்படைப்பேன்." நேர்மையான தரகர் இதற்குக் கையொப்பமிடத் தயங்கமாட்டார். தயங்குவாராயின் உங்கள் கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது.

இரண்டாவதாக, கமக்காரரை அல்லது வாடகைக்காரரை நீங்களே ஒருமுறை கண்டு பேசுங்கள். நேரில் வர முடியாதோர் தொலைபேசியிற் பேசலாம். "எவ்வளவு கொடுப்பதாகச் சொன்னீர்கள்? முற்பணம் ஏதும் கொடுத்தீர்களா?" என்ற இரண்டு கேள்விகள் போதும். அம்மையாரின் ஆறு ஆண்டு நட்டம் இரண்டு நிமிடப் பேச்சில் வெளிப்பட்டது.

மூன்றாவதாக, குத்தகையும் வாடகையும் நேரே உங்கள் வங்கிக் கணக்கிற்கு வரட்டும். தரகை நீங்கள் பின்னர் கொடுங்கள். தரகர் தம் கையில் வாங்கித் தம் கூலியைக் கழித்து மிகுதியை அனுப்பும் வழக்கமே பெரும்பாலான மறைவுகளுக்குத் தாய். நெல்லாகக் கொடுபடும் இடத்தில், விற்ற விலையும் நிறையும் எழுதிய வியாபாரியின் துண்டைக் கேட்டு வாங்குங்கள். அறுவடை நாளில் உங்கள் சார்பில் ஒரு மருமகனோ தம்பியோ வரம்பில் நிற்பது மேலும் நன்று.

நான்காவதாக, வாய்க்கால் துப்புரவு, காவல், வட்டைவிதானைக்குரிய நெல் ஆகியவற்றின் வீதத்தைப் போக ஆரம்பக் கூட்டத்திலும் கமக்காரர் அமைப்பிலும் கேட்டறிந்து குறித்துவையுங்கள். அவற்றை உடையவர் கொடுப்பதா, கமக்காரர் கொடுப்பதா என்பதை ஒப்பந்தத் தாளில் எழுதுங்கள். இருவரிடமும் ஒரே கூலியை வாங்கும் வித்தைக்கு அத்துடன் முடிவு வரும்.

ஐந்தாவதாக, வீடும் கடையும் விடுவோர் திருத்த வேலைகளில் விழிப்பாயிருங்கள். ஒரு குறித்த தொகைக்கு மேற்பட்ட திருத்தம் எதையும் உங்கள் சம்மதமின்றிச் செய்யலாகாது என்று எழுதுங்கள். மேசனின் கணக்கும் கடைப் பற்றுச்சீட்டும் மூலத்தாளாகவே வரவேண்டும். தரகர் தம் கையால் எழுதிய மொத்தத் தொகை பற்றுச்சீட்டாகாது. சீமெந்துக் கடைக்காரர் கொடுத்த விலைக்கழிவு யாருக்கு உரியது என்பதை ஹிப்பிஸ்லி வழக்கு உங்களுக்குச் சொல்லிவிட்டது.

ஆறாவதாக, அதே கமக்காரர் அடுத்த போகமும் செய்தால், அதே வாடகைக்காரர் அடுத்த ஆண்டும் இருந்தால் மறுபடி தரகு உண்டா, இல்லையா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். வருடந்தோறும் கணக்கெடுத்துப் பராமரிப்பவருக்கு ஆண்டுக்கூலி கொடுப்பது நியாயம். ஆளைக் காட்டிவிட்டுப் போனவருக்கு ஆண்டுதோறும் கொடுப்பது வீண்.

ஏழாவதாக, ஆண்டிற்கு ஒருமுறை முழுக்கணக்கும் எழுத்தில் கேளுங்கள். வந்தால் சரிபார்த்துக் கையொப்பமிட்டு ஒரு பிரதியை அவருக்கே கொடுங்கள். நல்ல தரகருக்கும் அது பாதுகாப்பு. நாளை உங்கள் பிள்ளைகள் அவரைச் சந்தேகிக்கமாட்டார்கள்.

உறுதியைக் காப்பது

நெல் போனால் அடுத்த போகத்தில் விளையும். காணி போனால் விளையாது. ஆதலின் மேலும் மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, அற்றோர்ணித் தத்துவம் பற்றியது. வெளிநாடு செல்லும் அவசரத்தில் 'எல்லாம் செய்யலாம்' என்ற பொதுத் தத்துவத்தில் ஒப்பமிட்டுவிட்டுப் போகின்றவர்கள் பலர். குத்தகைக்கு விடுவதற்குத் தத்துவம் வேண்டுமாயின் அதற்கு மட்டும் கொடுங்கள். விற்கவும் ஈடுவைக்கவும் அதிகாரம் கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். தத்துவத்தை மீளப்பெற்றால் அதை முறைப்படி பதிவுசெய்து, கமக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் அறிவியுங்கள்.

இரண்டு, நொத்தாரிசு பற்றியது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட தவணைக்கு வீட்டையோ நிலத்தையோ குத்தகைக்குக் கொடுப்பதாயின், நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதிய உறுதி வேண்டும். தரகர் கடையில் வாங்கிய அச்சுப் படிவத்தில் இரண்டு ஆண்டென்று எழுதி முத்திரை ஒட்டிவிட்டால் அது குத்தகை உறுதி ஆகிவிடாது. 'உறுதிச் செலவு' என்று பணம் கேட்டால், உறுதி எங்கே, எழுதிய நொத்தாரிசு யார் என்று கேளுங்கள்.

மூன்று, வயல் செய்கின்றவரின் உரிமை பற்றியது. 1958 ஆம் ஆண்டிலிருந்து வந்த சட்டங்கள், இறுதியாக 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை, வயலில் உண்மையாக உழுது விதைத்து அறுத்துக் காப்பவனுக்கே பாதுகாப்பை அளிக்கின்றன. ஒப்பந்தம் வாய்மொழியாயினும் அப்பாதுகாப்பு உண்டு. அது நீதியே, அதை நாம் ஆதரிக்கின்றோம். ஆனால் உங்கள் வயலைத் தரகர் யாருக்கு விட்டார் என்பது உங்களுக்கே தெரியாதிருந்தால், யாருக்கு என்ன உரிமை பிறந்துள்ளது என்பதும் தெரியாதிருக்கும். ஆகவே கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, வயற்காணிப் பதிவேட்டில் உடையவர் பெயரும் செய்கைக்காரர் பெயரும் எவ்வாறு பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். குத்தகைக்கு இன்று நடைமுறையிலுள்ள வரம்பு யாதென்றும் அங்கேயே கேளுங்கள். காலாவதிச் சட்டத்தில் பத்து ஆண்டு எதிருரிமை ஆட்சி என்பதொன்றும் உண்டு. உங்கள் முகவராக உள்ளே வந்தவர் அதை இலகுவில் கோர முடியாது. ஆனால் எழுத்தும் பற்றுச்சீட்டும் இல்லாத இடத்தில், தாம் முகவராகவே வந்தவர் என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழுந்துவிடும்.

பிணக்கு எழுந்தால் முதலில் மத்தியஸ்த சபையை நாடுங்கள். அங்கே செலவு சிறிது. ஊரார் நடுவிலிருந்து கேட்பர். கணக்குத்தாள் கையில் இருந்தால் பெரும்பாலான பிணக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

கமக்காரருக்கு ஒரு வார்த்தை

இதுவரை காணிக்காரருக்கே பேசினோம். கமக்காரச் சகோதரர்களே, மறைவில் போன பதினாறு மூடையில் ஏக்கருக்கு இரண்டாக மேலும் வாங்கிய பத்து மூடையும் உங்களில் ஒருவரின் வியர்வை. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்று சொல்லிச் சொல்லியே நம்மைக் கணக்குப் பாராமல் இருக்கப் பழக்கிவிட்டனர். கணக்குப் பாருங்கள். கொடுத்த நெல்லுக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தரகர் "காணிக்காரர் கேட்கின்றார்" என்று புதிதாக எதைக் கேட்டாலும், "நல்லது, அவரிடமே பேசிக் கொடுக்கின்றேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு முன் பொய் நிற்காது.

கேட்பது பகையன்று

"இத்தனை காலம் பழகியவர், உறவுமுறை வேறு, எப்படிக் கணக்குக் கேட்பது? மனம் நோகாதா?" என்று எம்மிடம் பலர் கேட்டதுண்டு. மனத்தை நோகச் செய்வது கேட்கும் கேள்வியன்று. கேளாமல் ஆண்டாண்டாய்ச் சேர்த்துவைத்த சந்தேகமே. கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சியும் வைத்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் விரித்து அறிவுறுத்துகின்றது. வாணிகத்திலும் நடுவுநிலைமை வேண்டுமென வள்ளுவர் வகுத்தார். இரண்டு சமூகத்தாரின் பெரியோரும் எழுத்தையும் அளவையையும் அறமாகவே கருதியிருக்க, நாம் மாத்திரம் அதை அவமரியாதை என்று எண்ணுவது ஏன்?

நமது கரையோரத்து மக்கள் பலவற்றை இழந்திருக்கின்றனர். 2004 திசம்பர் 26 இல் கடல் வந்து கொண்டுபோனது. போர் வந்து கொண்டுபோனது. ஒன்றையும் நம்மால் தடுக்க முடியவில்லை. இந்த இழப்பு அத்தகையதன்று. ஒரு தாளும் ஒரு பேனாவும் ஒரு நேர்ப்பேச்சும் இதைத் தடுக்கும். காணிக்காரரும் கமக்காரரும் ஒருவரையொருவர் ஐயுற்று நிற்கும்வரை இப்பகுதியில் எந்தப் பொதுக்காரியத்தையும் நடத்த முடியாது. நீருக்கும் நெல் விலைக்கும் கிட்டங்கிக்கு உயர்ந்த பாலத்திற்கும் ஒன்றாகக் குரல் கொடுக்கவேண்டியவர்கள், ஒரு மூடை நெல்லின் பொய்க் கணக்கால் பிரிந்து நிற்கலாகாது.

ஆகவே ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றோம். வரும் பெரும்போகத்துக்கு முன், இங்குள்ள காணிக்காரரும் கமக்காரரும் சேர்ந்து ஒரு சிறு குழுவை அமையுங்கள். வட்டைதோறும் நடைமுறையிலுள்ள குத்தகை வீதம், தரகு, காவற்கூலி, வாய்க்கால் கூலி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். அத்தாளைப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் கமநல சேவை நிலையத்திலும் ஒட்டுங்கள். ஒப்பந்தத் தாளுக்கான மாதிரியை நாம் எழுதித் தருகின்றோம். அதற்குக் கூலி இல்லை. வெளிநாட்டிலிருக்கும் உங்கள் மக்களுக்கு அதை அனுப்புங்கள்.

அந்த ஆசிரியையின் வயலை இன்றும் அதே கமக்காரரே செய்கின்றார். குத்தகை ஏக்கருக்கு எட்டு மூடை. அறுவடை நாளில் அம்மையார் கிட்டங்கியைக் கடந்து வந்து வரம்பில் நின்று பார்க்கின்றார்.